பழைய ஸ்க்ராம்ளர்: டூ ஸ்ட்ரோக்கா, ஃபோர் ஸ்ட்ரோக்கா?

காஜாங் வாசகர், 4 மே 2024

அண்ணே, மண்ணுல ஓட்டுற பழைய ஸ்க்ராம்ளர் மோட்டார் ரெண்டு பார்த்து வச்சிருக்கேன். ஒன்னு 1979 யமஹா ஒய்.இசட் 250, டூ ஸ்ட்ரோக். இன்னொன்னு 1978 யமஹா டி.டி 500, ஃபோர் ஸ்ட்ரோக். ரெண்டும் ஸ்டார்ட் ஆகுது, விலையும் கிட்டத்தட்ட ஒன்னுதான். பழைய மோட்டார் போட்டியில ஓட்டணும், மத்த நாள் செம்பனைத் தோட்டத்துல சுத்தணும். கூட்டாளிங்க சொல்றாங்க: டூ ஸ்ட்ரோக் என்னைக்குமே வேகம், செலவு கம்மி, ஃபோர் ஸ்ட்ரோக் கனம், ஆனா ரொம்ப நாள் தாங்கும். இவ்வளவுதானா விஷயம்?

பதில், 4 மே 2024, இரவு

"என்னைக்குமே" என்பது தவறு. எந்த ஆண்டு என்று சொல்லாமல் இதைப் பேச முடியாது.

500 சிசி உலக மோட்டோகிராஸ் (மண்தடப் போட்டி) பட்டத்தை 1964, 1965 இரண்டு ஆண்டும் ஜெஃப் ஸ்மித் எடுத்தது பி.எஸ்.ஏ ஃபோர் ஸ்ட்ரோக்கில். 1966-இல் பால் ஃப்ரீட்ரிக்ஸ் சி.இசட் டூ ஸ்ட்ரோக்கில் வந்து எடுத்தார். 67, 68-உம் அவருக்கே. அதற்குப் பிறகு 1993-இல் ஜாக்கி மார்ட்டென்ஸ் ஹஸ்குவர்னா ஃபோர் ஸ்ட்ரோக்கில் வெல்லும் வரை அந்த வகுப்பில் டூ ஸ்ட்ரோக் தவிர வேறெதுவும் பட்டம் பார்க்கவில்லை. 250 வகுப்பில் இது இன்னும் முன்னாலேயே நடந்துவிட்டது: டார்ஸ்டன் ஹால்மன் 1962-லேயே டூ ஸ்ட்ரோக்கில் உலகப் பட்டம் வாங்கினார். மறுபடி 1997-இல் லாஸ் வேகஸ் சூப்பர்கிராஸில் டக் ஹென்றி யமஹாவின் 400 சிசி ஃபோர் ஸ்ட்ரோக்கில் ஜெயித்தார். அடுத்த ஆண்டே ஒய்.இசட் 400 எஃப் கடைக்கு வந்தது.

நீங்கள் கேட்பது 1978, 79. டூ ஸ்ட்ரோக் உச்சியில் இருந்த காலம். போட்டித் தடம் மட்டும் என்றால் ஒய்.இசட்தான், பேச்சே இல்லை. ஆனால் தோட்டத்தையும் சேர்த்துச் சொல்கிறீர்கள். அங்கே கணக்கு மாறுகிறது.

5 மே 2024

நேற்று எழுதியதற்குக் காரணம் சொல்லவில்லை.

டூ ஸ்ட்ரோக்கில் கிராங்க் ஒரு சுற்று சுற்றினால் ஒரு வெடிப்பு. ஃபோர் ஸ்ட்ரோக்கில் இரண்டு சுற்றுக்கு ஒன்று. அதனால்தான் 250 டூ ஸ்ட்ரோக்கும் 500 ஃபோர் ஸ்ட்ரோக்கும் அந்தக் காலத்தில் ஏறக்குறைய ஒரே குதிரைத்திறன் கொடுத்தன: முப்பதை ஒட்டி. 1973 ஹோண்டா எல்சினோர் 250-ஐ எடுங்கள். 248 சிசி, 70 மி.மீ போர் (சிலிண்டரின் விட்டம்), 64.4 மி.மீ ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்), எடை நூறு கிலோவுக்குள். 1976 யமஹா எக்ஸ்.டி 500-ஐப் பக்கத்தில் வையுங்கள். 499 சிசி, 87 மி.மீ போர், 84 மி.மீ ஸ்ட்ரோக், எடை 140 கிலோவை ஒட்டி. விளக்கு, ஹார்ன் கழற்றிய டி.டி 500 இதைவிட இலேசு, ஆனாலும் ஒய்.இசட்டை விட இருபது கிலோவுக்கு மேல் கூடுதல். அதில் ஒரு பங்கு மேலே இருக்கிறது: வால்வு, கேம், செயின் எல்லாம் தலையில். வளைவில் சாய்த்து நிமிர்த்தும்போது தோளில் தெரியும்.

மழை பெய்த செம்மண்ணில் இது தலைகீழ். ஒய்.இசட்டின் பவர் ஒரே இடத்தில் கொட்டும். பின்டயர் அங்கேயே சுழன்று வழுக்கும், தடத்தில் மண்ணைத் தோண்டும். டி.டி 500-இல் ஒரு வெடிப்புக்கும் அடுத்ததற்கும் இடையில் டயருக்கு மண்ணைப் பிடிக்க நேரம் கிடைக்கிறது. கிராங்கின் கனமும் உதவுகிறது. மூன்றாவது கியரில் தட்டுத் தட்டென்று ஏறிவிடும். இதே குணத்தைக் கொண்டுவரத்தான் டூ ஸ்ட்ரோக்காரர்கள் ஃப்ளைவீலில் (கிராங்க் நுனியில் சுழலும் கனச் சக்கரம்) கூடுதல் வளையம் பூட்டுகிறார்கள்.

5 மே 2024, மாலை

விட்டுப்போனது: இறக்கம். ஃபோர் ஸ்ட்ரோக்கில் திராட்டலை மூடினால் எஞ்சினே பிடிக்கும், பின் பிரேக் பாதி நேரம் வேண்டாம். டூ ஸ்ட்ரோக் பிடிக்காமல் உருளும். டிரம் பிரேக் நனைந்திருந்தால் இது பெரிய வித்தியாசம்.

இன்னொன்றும் உண்டு, இதைப் பலர் கவனிப்பதில்லை. டூ ஸ்ட்ரோக்குக்கு எண்ணெய் பெட்ரோலோடுதான் வருகிறது. நீண்ட இறக்கத்தில் திராட்டலை மூடி, கியரில் வைத்து, எஞ்சின் உயர் சுற்றில் ஓடினால் பெட்ரோலும் இல்லை, எண்ணெயும் இல்லை. கிளட்சைப் பிடியுங்கள், அல்லது மூன்று நான்கு விநாடிக்கு ஒருமுறை திராட்டலைத் தட்டிவிடுங்கள்.

புக்கிட் மெர்தாஜாம் வாசகர், 8 மே 2024

டூ ஸ்ட்ரோக்னாலே ஜாம் ஆகும். யமஹா ஆர்.எக்ஸ்.இசட் வச்சிருந்தவன் எவனைக் கேட்டாலும் சொல்வான். இதை ஏன் சொல்லல?

8 மே 2024, இரவு

ஜாம் ஆவதற்கு, அதாவது பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுகி நிற்பதற்கு, காரணம் உண்டு. அது பிஸ்டனிலேயே எழுதியிருக்கும். கழற்றிய பிஸ்டனைத் துடைக்காமல் வெளிச்சத்தில் பாருங்கள்.

சுற்றிலும் நான்கு மூலையில் கீறல்: எஞ்சின் சூடாகும் முன் முறுக்கியது. பிஸ்டன் சிலிண்டரை விடச் சீக்கிரம் விரியும். ஃபோர்ஜ்டு பிஸ்டனில் இது இன்னும் அதிகம். மூன்று, நான்கு நிமிடம் மெல்ல ஓட்டி, சிலிண்டர் துடுப்பில் கை வைத்தால் எடுத்துவிடத் தோன்றும் அளவு சூடான பிறகே முறுக்க வேண்டும்.

எக்ஸாஸ்ட் பக்கம் மட்டும் கீறல்: அதிகச் சூடு. கலவையில் பெட்ரோல் குறைவு, டைமிங் (தீப்பொறி விழும் நேரம்) முன்னால் போயிருக்கிறது, அல்லது துடுப்புகளுக்கு இடையில் மண் அடைத்திருக்கிறது. நம் ஊரில் மூன்றாவது காரணம் மிகச் சாதாரணம். செம்மண் காய்ந்தால் செங்கல்தான், காற்றுக்கு வழியில்லை. ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் மெல்லிய மரக்குச்சியால் துடுப்பைச் சுரண்டுங்கள். இரும்புக் கம்பி வேண்டாம்.

இன்டேக் பக்கம் கீறல், மங்கலாகத் தேய்ந்த மாதிரி: மணல் உள்ளே போயிருக்கிறது. ஏர் ஃபில்டர்.

பிஸ்டன் தலையில் ஓட்டை, ஓரம் எறும்பு அரித்த மாதிரி: டெட்டனேஷன், அதாவது கலவை கட்டுப்பாடில்லாமல் வெடிப்பது. மட்டமான பெட்ரோல், அதிக கம்ப்ரெஷன், அல்லது அதிக அட்வான்ஸ். காற்று கசிந்தாலும் கடைசியில் இங்கேதான் வந்து நிற்கும்.

இந்த நான்கில் எதுவும் திடீரென்று வருவதில்லை. பார்க்கத் தெரிந்தவன் முன்னாலேயே பிடித்துவிடுவான். என் கணிப்பில் இந்த இரண்டு மோட்டாருக்கும் உள்ள உண்மையான வித்தியாசம் இதுதான்: டூ ஸ்ட்ரோக் கசியும் காற்றால் சாகும், ஃபோர் ஸ்ட்ரோக் எண்ணெயால் சாகும். உங்களுக்கு எதைத் தவறாமல் சோதிக்கும் பழக்கம் வருமோ அதை வாங்குங்கள்.

11 மே 2024

பெட்ரோலில் கலக்கும் 2டி (டூ ஸ்ட்ரோக்) எண்ணெய் எவ்வளவு என்று தனியே கேட்டவர்களுக்கு. 5 லிட்டர் பெட்ரோலுக்கு:

20-க்கு 1 என்றால் 250 மில்லி
32-க்கு 1 என்றால் 156 மில்லி
40-க்கு 1 என்றால் 125 மில்லி
50-க்கு 1 என்றால் 100 மில்லி

20-க்கு 1 என்பது பழைய ஆமணக்கு எண்ணெய்க் காலத்துக் கணக்கு. இன்றைய நல்ல 2டி எண்ணெய்க்குப் போட்டி மோட்டாரில் 32 சரி. 50 வேண்டாம். அது தெருவில் போகும் வண்டிக்கு.

எண்ணெயைக் கூட்டினால் பாதுகாப்பு என்று நினைத்து ஜெட்டை (கார்பரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் துளைத் திருகு) மாற்றாமல் கூட்டுகிறார்கள். அதே ஜெட் வழியாக அதே அளவு திரவம்தான் போகும். அதில் எண்ணெய் கூடினால் பெட்ரோல் குறைகிறது. கலவை மெலிந்து எஞ்சின் சூடாகும். ஒரு விகிதத்தைப் பிடித்துக்கொண்டு அதற்கே ஜெட் வைத்துவிட்டு, பிறகு விகிதத்தைத் தொடாதீர்கள். கலந்த பெட்ரோலை மூன்று வாரத்துக்கு மேல் வைக்கவும் வேண்டாம்.

12 மே 2024

ஜெட். ஜப்பானியக் கையேடு 20 டிகிரி உலர்ந்த காற்றுக்கு எழுதியது. கோலாலம்பூர் மதியம் 32 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சூட்டில் காற்றின் அடர்த்தி 4 சதவீதம் குறைகிறது. நீராவி இன்னொரு 4 சதவீத இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. மொத்தம் ஆக்சிஜன் 8 சதவீதம் குறைவு. ஆகவே மெயின் ஜெட்டையும் 8 சதவீதம் குறைக்க வேண்டும்: கையேட்டில் 320 என்றால் 295.

14 மே 2024

மேலே உள்ள 295-ஐப் போடாதீர்கள். கணக்கில் ஒரு படியை விட்டுவிட்டேன்.

காற்று மெலிந்தால் கார்பரேட்டரின் உறிஞ்சலும் குறைகிறது. அதாவது பெட்ரோல் தானாகவே கொஞ்சம் குறைவாகத்தான் வரும். பெட்ரோலின் ஓட்டம் அடர்த்தியின் வர்க்கமூலத்தைப் பின்பற்றும். எனவே திருத்த வேண்டியது முழு 8 சதவீதம் இல்லை, 5 சதவீதம் அளவுதான். 320-க்கு 304 வருகிறது. மிக்குனி கார்பரேட்டரின் பெரிய ஆறுமுக ஜெட் இந்த அளவுகளில் பத்துப் பத்தாகப் போகும்: 300, 310, 320. முதலில் 310. பிளக்கைப் பார்த்த பிறகே 300.

295 போட்டிருந்தால் மெலிந்த கலவையில் எக்ஸாஸ்ட் பக்கம் கீறியிருக்கும். அதற்காகவே மேலே உள்ளதை அழிக்காமல் விட்டிருக்கிறேன். இதே தவறான கணக்கைப் பலர் போடுகிறார்கள்.

மெயின் ஜெட் முக்கால் திராட்டலுக்கு மேல்தான் பேசும். கால் பங்கு வரை பைலட் ஜெட், அதையொட்டி ஸ்லைடின் வெட்டு, நடுவில் ஊசி. தோட்டத்தில் ஓட்டுவது பெரும்பாலும் ஊசியின் இடத்தில். அங்கே தடுமாறினால் மெயின் ஜெட்டை மாற்றிப் பயனில்லை. பெட்ரோல் மிகுந்திருந்தால் ஊசியின் கிளிப்பை ஒரு பள்ளம் மேலே ஏற்றுங்கள், ஊசி இறங்கும், கலவை மெலியும். அடைப்பது, கரகரப்பது மிகுந்த பெட்ரோல். இழுவை திடீரென்று வெட்டிப்போவது, சூடானால் மோசமாவது குறைந்த பெட்ரோல்.

பிளக் பார்க்கும் முறை: புதுப் பிளக், சமதளம், முழு திராட்டலில் ஒரு நீண்ட ஓட்டம், கிளட்சைப் பிடித்து அதே விநாடி எஞ்சினை நிறுத்தி, உருண்டு நின்று கழற்றுங்கள். நுனி நிறத்தை நம்பாதீர்கள். ஈயமில்லாப் பெட்ரோலில் அது பொய் சொல்லும். பீங்கானின் அடியில், உலோகத்தோடு சேரும் இடத்தில் ஒரு மெல்லிய புகை வளையம் இருக்க வேண்டும். வளையமே இல்லையென்றால் மெலிவு.

ஈப்போ வாசகர், 17 மே 2024

கேமரன் மலைப் பக்கம் ஏத்தினா?

19 மே 2024

1,500 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தை விட 16 சதவீதம் குறைவு. ஆனால் அங்கே குளிர்ச்சி, அது 4 சதவீதத்தைத் திருப்பித் தருகிறது. மிச்சம் 12 அல்லது 13. பாதியைக் குறையுங்கள்: 310-இலிருந்து 290. இறங்கும்போது கண்டிப்பாகத் திரும்ப மாற்ற வேண்டும். 290-ஓடு மலையடிவாரத் தாப்பா வரை முறுக்கிக்கொண்டு இறங்கினால் எஞ்சின் தாங்காது. டி.டி 500-க்கும் இதே கணக்குதான், ஆனால் அது மன்னிக்கும். மாற்றாவிட்டால் கொஞ்சம் புகைக்கும், அவ்வளவே.

26 மே 2024

ஃபோர் ஸ்ட்ரோக்கைப் பற்றி இதுவரை நல்லதாக மட்டுமே எழுதியிருக்கிறேன். அது நியாயமில்லை.

டி.டி 500-இல் எண்ணெய் எஞ்சின் அடியில் இல்லை, சட்டத்தின் குழாய்க்குள் இருக்கிறது. இரண்டு வாரம் நிறுத்தி வைத்தால் மெல்ல வடிந்து கிராங்க் பெட்டிக்குள் இறங்கிவிடும். அந்த நிலையில் அளவுக் குச்சியைப் பார்த்தால் காலி என்று காட்டும். அங்கேதான் தவறு செய்கிறார்கள்: எண்ணெய் ஊற்றுகிறார்கள். எஞ்சின் ஓடத் தொடங்கியதும், உள்ளே இறங்கியிருந்த எண்ணெயும் மேலே வந்து, காற்றுக் குழாய் வழியாக ஏர் ஃபில்டரில் கொட்டும். சரியான முறை: ஸ்டார்ட் செய்து மூன்று நான்கு நிமிடம் ஓட்டி, நிறுத்தி, உடனே அளக்க வேண்டும். எண்ணெய் மாற்றும்போது சட்டத்தின் அடியிலும் எஞ்சினின் அடியிலும் இரண்டு திருகுகளையும் கழற்ற வேண்டும். ஒன்றை மட்டும் கழற்றினால் பழையதில் பாதி உள்ளேயே இருக்கும். புது எண்ணெய் ஊற்றிய பிறகு, தலைக்குப் போகும் எண்ணெய்க் குழாயின் மேல் போல்ட்டை அரைச் சுற்று தளர்த்தி, பிளக்கைக் கழற்றிவிட்டு, எண்ணெய் கசியும் வரை கிக் அடியுங்கள். கசியவில்லை என்றால் ஸ்டார்ட் செய்யவே கூடாது.

எண்ணெய் 20டபிள்யூ-50, ஜாசோ எம்.ஏ (மோட்டார் சைக்கிள் எண்ணெய்த் தரம்) முத்திரை உள்ளது. கார் எண்ணெய் வேண்டாம், கிளட்ச் அதிலேயே நனைந்து ஓடுகிறது, வழுக்கும். தோட்டத்து ஓட்டத்தில் பத்து மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். போட்டி என்றால் அன்றைக்கே.

டாப்பெட் இடைவெளியை (வால்வுக்கும் அதைத் தள்ளும் ராக்கருக்கும் இடையில்) அளப்பது குளிர்ந்த எஞ்சினில், பிஸ்டன் கம்ப்ரெஷனின் உச்சியில் இருக்கும்போது. இன்டேக் 0.10, எக்ஸாஸ்ட் 0.15 மி.மீ. இடைவெளி கூடினால் சத்தம் கேட்கும், கெடுதல் குறைவு. இடைவெளி குறைந்தால் சத்தமே இருக்காது, எக்ஸாஸ்ட் வால்வு கருகும். அமைதியாக ஓடும் பழைய ஃபோர் ஸ்ட்ரோக்கை நான் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன்.

யமஹா 500-இல் ஒரு நல்ல காரியம்: கேம் பால்-பேரிங்கில் சுழல்கிறது. அதே காலத்து ஹோண்டா எக்ஸ்.எல் 250-இல் கேம் நேராக அலுமினியத் தலையிலேயே சுழலும். அங்கே ஒருமுறை எண்ணெய் வற்றினால் தலையே போச்சு, பேரிங் மாற்றும் வழி கிடையாது. எக்ஸ்.எல், எக்ஸ்.ஆர் வாங்குபவர்கள் டாப்பெட் மூடியைத் திறந்து, கேமை மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் வேண்டாம்.

கிக் அடிப்பதையும் சொல்ல வேண்டும், இது கணுக்கால் விஷயம். கிக்கை மெல்ல அழுத்தி இறுகும் இடத்துக்கு வாருங்கள். சிலிண்டரின் அழுத்தத்தை வெளியே விடும் டீகம்ப்ரெஷன் நெம்புகோலைப் பிடித்துக்கொண்டு, கேம் பக்கத்துச் சின்னக் கண்ணாடியில் வெள்ளிக் குறி தெரியும் வரை இன்னும் கொஞ்சம் தள்ளுங்கள். நெம்புகோலை விடுங்கள். கிக்கை முழுக்க மேலே வரவிட்டு, ஒரே மிதி, பாதியில் நிறுத்தாமல். திராட்டலைத் தொடக் கூடாது. தொட்டால் திருப்பி அடிக்கும். டைமிங் முன்னால் போயிருந்தாலும் திருப்பி அடிக்கும். தீப்பொறியைத் தூண்டும் பாயிண்டின் இடைவெளி 0.35 மி.மீ-இல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

காஜாங் வாசகர், 1 ஜூன் 2024

அப்போ செலவு? டூ ஸ்ட்ரோக் கம்மிதானே?

2 ஜூன் 2024

ஒரு தடவைக்குக் கம்மி. தடவைகள் அதிகம்.

டூ ஸ்ட்ரோக்கின் மேல்பகுதி: பிஸ்டன், ரிங், பின், இரண்டு கிளிப், சிறு பேரிங், இரண்டு கேஸ்கட். ஒரு மதியத்தில் முடியும். ஆனால் போட்டியில் ஓட்டினால் ரிங் 10 முதல் 15 மணி நேரம், பிஸ்டன் அதுபோல் இரண்டு மடங்கு. தோட்டத்தில் மெல்ல ஓட்டினால் இன்னும் நீளும். டி.டி 500-இன் மேல்பகுதி நூற்றுக்கணக்கான மணி நேரம் போகும். போனால் வால்வு, கைடு, சீட் வெட்டு, கேம் செயின், ராக்கர் என்று லேத் கடைக்காரரோடு இரண்டு வாரம்.

சிலிண்டரை போர் செய்யும்போது, அதாவது வெட்டிப் பெரிதாக்கும்போது, கவனிக்க வேண்டியவை. இரும்பு ஸ்லீவ் சிலிண்டரா என்று காந்தத்தை உள்ளே ஒட்டிப் பாருங்கள். ஒட்டினால் அடுத்த ஓவர்சைஸுக்கு வெட்டலாம். ஒட்டாவிட்டால் முலாம் பூசியது, வெட்டக் கூடாது. லேத் கடைக்குப் பிஸ்டனையும் எடுத்துப் போங்கள், அளவைச் சொல்லி வெட்டச் சொல்லாதீர்கள். பிஸ்டன் பெட்டியில் அச்சடித்த இடைவெளிக்கு வெட்டச் சொல்லுங்கள். காற்றால் குளிரும் 250-க்கு 0.06 முதல் 0.08 மி.மீ பொதுவாக வரும். ரிங் முனை இடைவெளி, 70 மி.மீ போருக்கு 0.28-க்குக் குறையக் கூடாது. வெட்டி முடித்ததும் போர்ட்டுகளின் (சிலிண்டர் சுவரில் உள்ள திறப்புகள்) விளிம்பை மெல்லிய அரத்தால் மழுக்க வேண்டும். நம் ஊர் லேத் கடைகள் கப்சாய் (சின்ன மோட்டார்) ஃபோர் ஸ்ட்ரோக் சிலிண்டர் வெட்டியே பழகியவை, அதில் போர்ட் கிடையாது. இதை வாய்விட்டுச் சொல்லாவிட்டால் செய்ய மாட்டார்கள். மழுக்காத விளிம்பில் ரிங் சிக்கி, முதல் பத்து நிமிடத்திலேயே உடையும்.

பேரிங்கை மோட்டார் கடையில் தேடி அலைய வேண்டாம். பழைய பேரிங்கின் பக்கவாட்டில் எண் இருக்கும். 6305 என்றால் உள்ளே 25, வெளியே 62, அகலம் 17 மி.மீ. தொழிற்சாலைக்கு பேரிங் விற்கும் கடையில் கிடைக்கும். எண்ணுக்குப் பின்னால் சி3 என்று இருக்க வேண்டும், அது உள்ளே இடைவெளி கூடிய வகை. சாதாரண இடைவெளி பேரிங் கிராங்கில் சூடானால் இறுகிவிடும்.

9 ஜூன் 2024

டூ ஸ்ட்ரோக் காற்றால் சாகும் என்று எழுதிவிட்டு, எப்படிச் சோதிப்பது என்று எழுதாமல் விட்டேன். ஒய்.இசட்டை வாங்கும் முன் இதைச் செய்யுங்கள். விற்பவர் விடவில்லை என்றால் விலையில் ஒரு முழு எஞ்சின் வேலையைக் கழித்துப் பேசுங்கள்.

தேவை: மருந்துக்கடையில் விற்கும் கையால் அமுக்கும் பழைய பாணி இரத்த அழுத்தமானி. பட்டையைக் கழற்றிவிட்டு பம்பையும் மீட்டரையும் மட்டும் வையுங்கள். அதன் உச்சம் 300 மி.மீ பாதரசம். அது 5.8 பி.எஸ்.ஐ, டூ ஸ்ட்ரோக் சோதனைக்கு வேண்டியது 6. கடவுள் அளந்து வைத்த மாதிரி. டயர் பம்பைத் தொடாதீர்கள், 10 பி.எஸ்.ஐ தாண்டினால் கிராங்க் நுனிகளை அடைக்கும் நல்ல ரப்பர் சீலும் பிதுங்கி வந்துவிடும்.

கார்பரேட்டரையும் சைலன்சர் குழாயையும் கழற்றுங்கள். எக்ஸாஸ்ட் வாயில், குழாய்ச் சாமான் கடையில் கிடைக்கும் திருகினால் பருக்கும் ரப்பர் அடைப்பான். கார்பரேட்டர் ரப்பரில் இன்னொரு அடைப்பான், நடுவில் ஒரு டியூப் வால்வு செருகி கிளாம்பால் இறுக்குங்கள். பிஸ்டனைக் கீழே இறக்குங்கள், போர்ட்டுகள் திறந்து எஞ்சின் முழுதும் ஒரே அறையாகும். 300-க்கு ஏற்றுங்கள். ஆறு நிமிடம்.

நிமிடத்துக்கு 50 வரை இறங்கினால் போகட்டும் என்பார்கள். எனக்கு அது போதாது. நல்ல எஞ்சின் ஆறு நிமிடத்தில் 30 கூட இறங்காது.

இறங்கினால் சோப்புத் தண்ணீர் தெளித்துத் தேடுங்கள். சிலிண்டர் அடி கேஸ்கட், கார்பரேட்டருக்குப் பின்னால் உள்ள ரீட் வால்வுப் பெட்டி, தலை, பிளக், பிறகு இடது பக்கம் ஃப்ளைவீலைக் கழற்றி அதன் பின்னால் உள்ள சீல். வலது சீல் கிளட்ச் பெட்டிக்குள் இருக்கிறது, தெளிக்க முடியாது. கியர் எண்ணெய் ஊற்றும் வாயில் சோப்புப் படலம் பூசுங்கள், அது உப்பினால் வலது சீல் போய்விட்டது.

இரண்டு சீலும் ஒரே மாதிரி கெடுதல் செய்வதில்லை. இடது போனால் காற்று நுழையும்: ஐடில் தானாக ஏறும், திராட்டலை விட்டாலும் சுற்று இறங்கத் தயங்கும், கலவை மெலிந்து ஜாம். வலது போனால் கியர் எண்ணெய் உறிஞ்சப்படும்: வெள்ளைப் புகை, பிளக் நனையும், கியர் எண்ணெய் குறையும், வெளியே ஒரு சொட்டுக் கசிவும் இருக்காது. ஜெட்டை மாற்றி மாற்றிப் பார்த்தும் சரியாகாத மோட்டார்களில் பாதிக்கு மேல் இந்தச் சீல்தான்.

16 ஜூன் 2024

பழைய ஈய லம்பம் (வெள்ளீயச் சுரங்கம்) மணலில் ஓட்டுபவர்களுக்கு மட்டும். அந்த மணல் கண்ணாடித் தூள். நுரை ஃபில்டரை ஒவ்வொரு ஓட்டத்துக்கும் கழுவ வேண்டும்: முதலில் மண்ணெண்ணெய், பிறகு சோப்பு, நிழலில் உலர்த்தி ஃபில்டர் எண்ணெய் ஊற்றிப் பிசைந்து பிழியுங்கள். பெட்ரோலில் கழுவினால் ஒட்டுப் பசை கரைந்து தையல் விட்டுப்போகும். ஃபில்டர் உட்காரும் விளிம்பில் கிரீஸ் தடவுங்கள். மணல் நுரை வழியாகப் போவதை விட விளிம்பு வழியாகத்தான் அதிகம் போகிறது. இதில் இரண்டு மோட்டாருக்கும் வித்தியாசமே இல்லை.

மழைக்காலத்தில் நிறுத்தி வைக்கும்போது மட்டும் ஒய்.இசட்டுக்குத் தனிக் கவனம். டி.டி-யின் கிராங்க் பேரிங்கில் எண்ணெய் மிச்சம் இருக்கும். ஒய்.இசட்டில் பெட்ரோல் ஆவியானதும் ஒரு மெல்லிய படலம்தான், ஈரக் காற்றில் ஒரு மாதத்தில் துரு பிடிக்கும். கார்பரேட்டரை வடித்துவிட்டு, பிளக் ஓட்டையில் 10 மில்லி 2டி எண்ணெய், மெல்ல நான்கைந்து கிக், எக்ஸாஸ்ட் வாயில் எண்ணெய்த் துணி.

காஜாங் வாசகர், 30 ஜூன் 2024

ஒய்.இசட்டைத்தான் எடுத்தேன் அண்ணே. சோதனை பண்ணினேன். 300 ஏத்தினா ஒரு நிமிஷத்துல 180. ஃப்ளைவீல் பின்னாடி சோப்பு நுரைச்சுக்கிட்டே இருக்கு. மத்த இடமெல்லாம் காஞ்சிருக்கு.

30 ஜூன் 2024, இரவு

இடது சீல். எஞ்சினைப் பிரிக்கத் தேவையில்லை, வெளியிலிருந்தே வரும் வகையா என்று முதலில் பாருங்கள். சில எஞ்சினில் சீலுக்கு விளிம்பு இருக்கும், அது உள்ளிருந்துதான் வரும்.

ஃப்ளைவீலைச் சுத்தியலால் தட்டியோ ஸ்க்ரூடிரைவரால் நெம்பியோ எடுத்திருந்தால் சொல்லுங்கள், கிராங்க் நேராக இருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருக்கும். அதற்குரிய திருகு இழுப்பான் உண்டு. ஃப்ளைவீலைக் கிராங்கில் நிறுத்தும் அரைவட்டச் சாவி தொலையாமல் தனியே வையுங்கள்.

சீலின் முகத்தில், நடுவில், 2 மி.மீ ஓட்டை ஒன்று. துரப்பணத்தின் நுனியில் டேப் சுற்றி ஆழத்தைக் கட்டுப்படுத்துங்கள், பின்னால் பேரிங் இருக்கிறது. துகள் உள்ளே போகாமல் நுனியில் கிரீஸ். ஒரு திருகாணியைப் பாதி ஏற்றி, இடுக்கியால் இழுங்கள்.

வந்ததும் கிராங்கில் சீல் உரசிய இடத்தை விரல் நகத்தால் தடவுங்கள். பள்ளம் தட்டினால் புதுச் சீலை பழைய இடத்திலிருந்து 1 மி.மீ வெளியே உட்கார வையுங்கள், உதடு தேயாத உலோகத்தில் பதியும். உள்ளே தள்ளினால் பேரிங்குக்குப் போகும் எண்ணெய் ஓட்டை மூடிக்கொள்ளும். அளவு பழைய சீலிலேயே இருக்கும்: உள், வெளி, தடிமன். கறுப்பு நைட்ரைல் போதும், பழுப்பு வைட்டான் கிடைத்தால் இன்னும் நல்லது. உதட்டில் கிரீஸ் தடவி, கிராங்க் நுனியில் பிளாஸ்டிக் பை சுற்றி அதன்மேல் நழுவவிடுங்கள். சாவிப் பள்ளம் உதட்டைக் கிழிக்காது.

காஜாங் வாசகர், 6 ஜூலை 2024

பள்ளம் இருந்துச்சு, 1 மி.மீ வெளியே வச்சேன். இப்போ 300-ல இருந்து ஆறு நிமிஷத்துல 285. மெயின் ஜெட் பார்த்தா 340 கிடக்கு. கையேட்டுல 320.

7 ஜூலை 2024

285 நல்ல எஞ்சின். முன்னால் வைத்திருந்தவர் காற்றுக் கசிவை ஜெட்டால் மூடப் பார்த்திருக்கிறார், அதனால்தான் 340. இப்போது கசிவு இல்லை, அந்த ஜெட்டோடு ஓட்டினால் பிளக் நனைந்துகொண்டே இருக்கும். 310 போடுங்கள், 32-க்கு 1, ஊசி கிளிப் நடுப் பள்ளத்தில். முதல் அரை மணி அரைத் திராட்டலுக்கு மேல் வேண்டாம். பிறகு பிளக் வளையத்தைப் பார்த்து எழுதுங்கள்.